மலிவு வாசனையின் நாழிகைக் கணக்கு

பிரசித்தி பெற்ற வாசனைத் திரவியம் ஒன்றின் புட்டியையும், அதே மணத்தைத் தருவதாகச் சொல்லி அதன் விலையில் ஓர் அற்பப் பங்குக்கு விற்கப்படும் நகல் ஸென்டின் புட்டியையும் அடுத்தடுத்து வைத்து, இரண்டிலிருந்தும் ஒவ்வொரு துளியைக் காகிதத் துண்டில் நனைத்து மூக்கருகே கொண்டுசென்றால், பெரும்பாலோருக்கு வேற்றுமை சட்டென்று புலப்படுவதில்லை. மலிவில் காரியம் முடிந்தது என்ற திருப்தியோடு வாங்கியவர் வீடு திரும்புகிறார். பிற்பகலில் தம் மணிக்கட்டை முகர்ந்து பார்க்கும்போது மணம் அடியோடு போய்விட்டதாகத் தோன்றவே, மலிவுச் சரக்கின் லட்சணம் இதுதான் என்று அலுத்துக்கொள்கிறார். ஆனால் அன்று அவர் அணிந்திருந்த சட்டையோ, சோப்பு நீரில் துவைத்து வெயிலில் உலர்த்திய பிறகும், ஏதோ ஒரு மெல்லிய மணத்தை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது. மணிக்கட்டில் செத்துப்போன மணம் சட்டையில் உயிரோடு இருப்பது எப்படி?

பிறருடைய பெயரையும் முத்திரையையும் திருடி ஒட்டிய கள்ளச் சரக்கைப் பற்றி இங்கே பேச்சில்லை. தன் சொந்தப் பெயரில் வெளிவந்து, புகழ்பெற்ற ஒரு மணத்தை மட்டும் பின்பற்றுகிற நகலைப் பற்றியதே இந்த விசாரணை. அதை எடைபோடும்போது நாம் வழக்கமாக இரண்டு வினாக்களைக் கேட்கிறோம்: மூலத்தைப் போல மணக்கிறதா? எவ்வளவு நேரம் நிற்கிறது? இவற்றுள் இரண்டாவதே தரத்தின் உரைகல் என்பது பொதுஜன நம்பிக்கை. ரசாயன சாஸ்திரம் சொல்லும் செய்தி ஏறக்குறைய அதற்கு நேர்மாறானது. நெடுநேரம் நிற்கும் குணத்தை ஒரு திரவியத்துக்கு ஊட்டுவது இன்று மிக மலிவாக முடிகிற காரியம். பணம் செலவாவதெல்லாம் வேறிடத்தில். அந்த இடம் எது என்று காண்பதற்கு, புட்டிக்குள் இருப்பது என்ன என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

புட்டியிலுள்ள திரவத்தின் பெரும்பகுதி எதைல் ஆல்கஹாலே. மணம் தரும் பொருள்களின் கலவை, கொலோன் என்னும் இலேசான வகையில் நூற்றுக்கு 2 முதல் 5 பங்கு வரையிலும், ஓ டி டாய்லெட் என்பதில் 5 முதல் 15 வரையிலும், ஓ டி பர்ஃபம் என்பதில் 15 முதல் 20 வரையிலும், அதற்கும் மேலான வகையில் இன்னும் கூடுதலாகவும் கரைந்திருக்கும். இவை வியாபார வழக்கங்களேயன்றிச் சட்டத்தால் வரையறுக்கப்பட்ட அளவுகள் அல்லவாதலால், புட்டியின் மேல் எழுதியிருக்கும் பெயரை நம்பி உள்ளே இருக்கும் சத்தின் அளவை நிர்ணயிக்க முடியாது. ஒரு நகல் விரைவில் மறைகிறது என்று குறை கூறுவோர் முதலில் ஐயுற வேண்டியது இதைத்தான்: சரக்கு மட்டமாயிருப்பதைக் காட்டிலும், நல்ல சரக்கே கொஞ்சமாகக் கரைக்கப்பட்டிருப்பது அதிக சாத்தியமானது.

தோலின்மேல் தெளித்த சில நிமிஷங்களுக்குள் ஆல்கஹால் பறந்துவிடுகிறது. எஞ்சியிருக்கும் பொருள்கள் ஒவ்வொன்றும் தன் மூலக்கூறுகளைக் காற்றில் விடுவித்தால்தான் அவை நம் மூக்கை எட்டும். எட்டியவை மட்டுமே மணம். ஒரு பொருள் இங்ஙனம் காற்றில் கலக்க முயலும் வேகத்தின் அளவைப் பௌதிக நூலார் ஆவியழுத்தம் என்பர். மூலக்கூறு சிறியதாயும் தன் அண்டை மூலக்கூறுகளோடு இறுகப் பிணையாததாயும் இருந்தால் ஆவியழுத்தம் மிகும்; பெரியதாயும் பிணைப்பு மிக்கதாயும் இருந்தால் குறையும். எலுமிச்சைத் தோலைக் கிள்ளியவுடன் குப்பென்று எழும் மணத்துக்கு முக்கிய காரணமான லிமொனீனின் மூலக்கூறு எடை 136. செயற்கைக் கஸ்தூரி வகைகளுள் பெருவழக்காக உள்ள கேலக்ஸொலைடின் எடை 258. எடையில் இரு மடங்குகூட வேற்றுமை இல்லை. ஆயினும் சாதாரண வெப்பநிலையில் முன்னதன் ஆவியழுத்தம் பின்னதைப்போல் இரண்டாயிரம் மடங்குக்கும் மேற்பட்டது. எலுமிச்சை மணம் விரல்களிலிருந்து விரைவில் விடைபெறுவதும், அரைத்துப் பூசிய சந்தனம் மாலை வரை மார்பில் மணப்பதும் இந்த ஒரே நியதியின் இரு முகங்கள்.

ஆகவே வாசனைத் திரவியம் என்பது ஒரே மணமன்று. காலத்தில் நீண்டு செல்லும் ஒரு வரிசை. இந்த வரிசையைப் பொறுமையோடு அளந்தவர் வில்லியம் பௌச்சர் என்ற ஆங்கிலேய வாசனை நிபுணர். நூற்றுக்கணக்கான மணப்பொருள்களைக் காகிதப் பட்டைகளில் தனித்தனியே நனைத்து வைத்து, அவை தத்தம் குணம் மாறி மறையும் வரை நாள்தோறும் முகர்ந்து பார்த்து, ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 100 வரை ஓர் எண்ணை வழங்கி, 1950-களின் நடுவில் அவர் பட்டியலை வெளியிட்டார். 1 முதல் 14 வரை எண் பெற்றவை முதல் மணங்கள். 15 முதல் 60 வரை இடை மணங்கள். 61 முதல் 100 வரை அடி மணங்கள். நாரத்தை, எலுமிச்சை இனங்கள் பெரும்பாலும் முதல் வகுப்பிலும், மலர்கள் பல இடை வகுப்பிலும், மரம், பிசின், கஸ்தூரி முதலியன கடை வகுப்பிலும் அமைகின்றன. நுட்பமான கருவி ஏதுமின்றி, காகிதமும் கடிகாரமும் மூக்கும் மட்டுமே துணையாகக் கொண்டு பெற்ற இந்த அறிவு இன்றும் தொழிலில் வழங்கிவருகிறது.

இதிலிருந்து பெறப்படும் முதல் உண்மை, கடையில் நின்று முகர்வோர் எல்லோரும் முதல் மணங்களை மட்டுமே முகர்கிறார்கள் என்பதாகும். எலுமிச்சை இனத் தைலங்களும் அவற்றின் சாயலுள்ள செயற்கைப் பொருள்களும் விலை குறைந்தவை. அவற்றைக் கொண்டு மூலத்தின் முதற்பத்து நிமிஷங்களைப் பின்பற்றுவது எளிது. விற்பனை நடைபெறுவது அந்தப் பத்து நிமிஷங்களுக்குள்ளேயே ஆதலால், நகல் செய்வோன் தன் திறமையையும் செலவையும் அங்கே குவிப்பது இயல்புதான்.

இனி, மூலத்தில் என்னென்ன இருக்கிறது என்பதை நகல் செய்வோன் அறிவது எவ்வாறு? முற்காலத்தில் இது பழுத்த அனுபவமுள்ள மூக்குக்கு மட்டுமே இயன்ற காரியமாக இருந்தது. 1952-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் ஜேம்ஸ், மார்ட்டின் என்ற இருவர் வெளியிட்ட ஒரு முறை நிலைமையை மாற்றியது. கேஸ் குரோமடோகிராபி எனப்படும் அதனை வாயுப் பிரிகை என்று சொல்லலாம். தலைமயிரைவிடச் சற்றே பருத்த துளையும் முப்பது மீட்டர் போன்ற நீளமும் கொண்டு, உட்சுவரில் மெல்லிய பூச்சு தடவப்பட்ட ஒரு குழாயைச் சுருளாகச் சுற்றிச் சூடாக்கி, அதனுள் ஹீலியம் போன்ற ஒரு வாயுவோடு வாசனைத் திரவியத்தின் ஆவியைச் செலுத்துவார்கள். சில மூலக்கூறுகள் சுவர்ப்பூச்சில் படிந்து படிந்து தாமதிக்கும். சில நில்லாமல் ஓடிவிடும். இங்ஙனம் கலவையாக நுழைந்தது மறுமுனையில் ஒவ்வொன்றாக வெளிப்பட, அது வெளிப்படும் காலமும் அளவும் காகிதத்தில் சிகரங்களாகப் பதிவாகும். ஒவ்வொரு சிகரமும் எந்தப் பொருள் என்பதை, மூலக்கூற்றை உடைத்து அதன் துண்டுகளை எடைபோடும் மற்றொரு கருவியான நிறை நிறமாலைமானி கூறிவிடும்.

இம்முறையின் வலிமைக்கு நீதிமன்றம் ஏறிய ஒரு வழக்கே சாட்சி. சோபியா கிரோஸ்மன் என்ற கைதேர்ந்த கலைஞர் அமைத்து, லங்கோம் என்ற பிரெஞ்சு நிறுவனம் 1990-இல் வெளியிட்ட த்ரேஸோர் என்னும் திரவியத்தைப் பின்பற்றி, கெகோஃபா என்ற டச்சு நிறுவனம் ஃபீமேல் ட்ரெஷர் என்ற பெயரில் மிக மலிவான ஒன்றை விற்றது. பரிசோதித்துப் பார்த்ததில் மூலத்தின் 26 மணக்கூறுகளில் 24 நகலிலும் இருந்தன. 2006 ஜூன் 16-ஆம் தேதி நெதர்லாந்தின் உச்ச நீதிமன்றம், ஒரு மணமும் நூலைப்போலவும் இசையைப்போலவும் ஆசிரியர் உரிமை பெறக்கூடிய படைப்பே என்று தீர்ப்பளித்தது. அதற்கு மூன்றே நாள் முன்பு, வேறொரு வழக்கில், வாசனைத் தொழிலின் தாயகமெனத்தக்க பிரான்சின் உயர்ந்த நீதிமன்றமோ, மணம் என்பது தொழில்திறனின் விளைவேயன்றி அத்தகைய உரிமைக்குரிய படைப்பு ஆகாது என்று கூறியிருந்தது.

த்ரேஸோரின் அமைப்பைப் பற்றி வாசனைத் தொழிலார் நன்கறிந்த ஒரு செய்தி நம் விசாரணைக்கு மிகவும் உபயோகமானது. அதன் மணக்கலவையில் ஏறக்குறைய எண்பது சதவீதம் நான்கே பொருள்களால் ஆனது: மல்லிகையின் சாயலுள்ள ஹெடியோன், மரச்சாயலுள்ள ஐஸோ ஈ சூப்பர், வயலட் மலரின் சாயலுள்ள மெதைல் அயனோன், முன்னே கண்ட கஸ்தூரியாகிய கேலக்ஸொலைட். நான்கும் ஆலைகளில் பெருமளவில் உற்பத்தியாகி, யாரும் வாங்கக்கூடிய விலையில் விற்கப்படுபவை. நான்கும் மெல்ல ஆவியாகுபவை. எனவே இந்த எண்பது பங்கைச் சரியாகக் கலந்துவிட்ட எந்த நகலும், சத்தைக் குறைக்காமல் கரைத்திருக்குமானால், மூலத்தைப் போலவே நெடுநேரம் நிற்கும். நிற்பதை மட்டும் உரைகல்லாகக் கொண்டவர் இரண்டும் ஒன்றே என்று தீர்ப்புச் சொல்ல வேண்டியிருக்கும். ரோஜாவும் பீச்சுப் பழமும் மலர்ந்து தோன்றும் நடுப்பொழுதின் அழகெல்லாம் எஞ்சிய இருபது பங்கின் பொறுப்பு.

அந்த இருபது பங்கில்தான் கருவியும் மூக்கும் மாறுபடத் தொடங்குகின்றன. கருவி அளப்பது பொருளின் அளவை. மூக்கு அளப்பது அதன் வீரியத்தை. குழம்பில் சேர்ந்த பண்டங்களை எடை வாரியாக எழுதினால் பெருங்காயம் கடைசி வரியிலேதான் வரும். ஆனால் அது விடுபட்ட குழம்பை முதல் கவளத்திலேயே கண்டுகொள்வோம். ரோஜாத் தைலத்தின் கதையும் அப்படியே. பல்கேரிய ரோஜாத் தைலத்தில் சிட்ரொனெல்லால் என்ற பொருள் சுமார் 38 சதவீதம் இருக்கிறது; ஒவ்வொரு பொருளின் அளவையும் அது மூக்குக்குப் புலப்படும் மிகக் குறைந்த அளவால் வகுத்துக் கணக்கிட்டால், மொத்த மணத்தில் அதன் பங்கு நாலேகால் சதவீதமளவே. நூற்றுக்கு 0.14 பங்கே உள்ள பீட்டா டமாஸ்கெனோன் என்ற பொருளோ, அதே கணக்கில், மணத்தின் எழுபது சதவீதத்துக்குப் பொறுப்பேற்கிறது. கருவியின் தாளில் மலைபோல் நிற்கும் சிகரம் மூக்குக்குத் துரும்பு. தாளின் அடிக்கோட்டில் புழுதிபோல் கிடக்கும் புள்ளி மூக்குக்கு மலை.

ஐஸோ ஈ சூப்பர் இதற்கு இன்னும் விசித்திரமான உதாரணம். ஒரே பொருளாக வாங்கப்படும் அது உண்மையில் அணுக்களின் அடுக்கில் மட்டும் வேறுபட்ட பல பொருள்களின் கூட்டம். அக்கூட்டத்தில் சிறுபான்மையாக இருக்கும் ஒன்று, பெரும்பான்மையானதைக் காட்டிலும் ஏறக்குறைய ஒரு லட்சம் மடங்கு வீரியமுள்ளது. இதே பெயரில் வேறு ஆலையில் செய்த சரக்கில் அந்தச் சிறுபான்மை ஏறியிறங்கினால் மணமும் மாறும். ஹெடியோனிலும் இவ்வாறே இரண்டு வடிவங்கள் உண்டு. மணத்தில் சிறந்த வடிவம் சாதாரணச் சரக்கில் பத்திலொரு பங்கு போல இருக்க, அது மிகுந்த உயர்தரச் சரக்கு கூடுதல் விலைக்கு விற்கப்படுகிறது. மேலும், இடக்கையும் வலக்கையும்போல ஒன்றுக்கொன்று பிம்பமாக அமைந்த மூலக்கூறு இணைகளைச் சாதாரண வாயுப் பிரிகைக் குழாய் வேறுபடுத்துவதேயில்லை. மூக்கோ, கார்வோன் என்ற பொருளின் ஒரு வடிவத்தைப் புதினா வகையாகவும் அதன் பிம்பத்தைச் சீமைச் சோம்பாகவும் அறிகிறது. இக்காரணத்தால் ஆராய்ச்சிச்சாலைகளில் குழாயின் முனையை இரண்டாகப் பிரித்து, ஒன்றைக் கருவிக்கும் மற்றொன்றை மனித மூக்குக்கும் விடுவது வழக்கமாகியிருக்கிறது. எந்தச் சிகரமும் தெரியாத வேளையில் முகர்வோர் மணத்தை உணர்ந்தால், அங்கே ஒரு ரகசியம் ஒளிந்திருக்கிறது என்று அறிகிறார்கள்.

அந்த ரகசியங்களுக்குத்தான் விலை. இயற்கைத் தைலம் ஒன்று நூற்றுக்கணக்கான நுண்கூறுகளைத் தானாகவே கொண்டுவந்து சேர்க்கிறது. ஆனால் ஒரு கிலோ ரோஜாத் தைலம் எடுக்க மூன்று நான்கு டன் இதழ்கள் வேண்டும். நகலில் அதற்குப் பதிலாக நாலைந்து செயற்கைப் பொருள்களைக் கூட்டி அமைத்த ரோஜா வருகிறது. அது பொய்யன்று, ரோஜாதான், ஆயினும் நிழலும் மடிப்பும் இல்லாத, ஒரே தளத்தில் விரிந்த ரோஜா. இந்த வேற்றுமை தெளித்த அரைமணிக்குப் பிறகு தொடங்கி, இரண்டு மூன்று மணி நேரம் வரை மிகுந்து தோன்றி, அடி மணங்கள் மட்டும் எஞ்சும் வேளையில் மறுபடியும் மங்கிவிடுகிறது. துவைத்த சட்டையில் ஒட்டியிருப்பதும் அந்த அடி மணத்தின் மிச்சமே. கேலக்ஸொலைட் போன்ற கஸ்தூரிகள் நீரில் எளிதில் கரையாமல் நூலிழையைப் பற்றிக்கொள்ளும் ஸ்வபாவமுடையவை. சலவைப் பொடிகளில் அவற்றைச் சேர்ப்பதே இதற்காகத்தான்.

நிற்கும் நேரத்தைப் பற்றி இன்னொரு சூட்சுமமும் உண்டு. தெளித்த துளியில் உள்ள பொருள் ஓர் எல்லைக்குட்பட்டது. அது விரைவாகக் காற்றில் சென்றால் தூரத்தில் இருப்போருக்கும் மணம் எட்டும், ஆனால் சீக்கிரம் தீர்ந்துபோகும். மெல்லச் சென்றால் நெடுநேரம் நிற்கும், ஆனால் அருகில் வந்தாலன்றித் தெரியாது. கலவையில் மெல்ல ஆவியாகும் பொருளைக் கூட்டினால், ஏனைய பொருள்களின் மூலக்கூறுகள் அதனூடே பங்கு குறைந்து கிடப்பதால் அவை வெளியேறும் வேகமும் தணிகிறது. இது பிரெஞ்சு விஞ்ஞானி ராவுல்ட் பத்தொன்பதாம் நூற்றாண்டில் கண்ட விதி. வட இந்தியாவின் கன்னோசியில் மலர்களை வடித்த ஆவியைச் சந்தனத் தைலத்தில் இறக்கி அத்தர் செய்தோர் விதியின் பெயரை அறியாமலே அதன் பயனைக் கண்டிருந்தார்கள். ஆகவே, பத்து மணி நேரம் நிற்கிறது என்ற விளம்பரத்தைக் கேட்டால், எத்தனை அடி தூரத்தில் என்று உடனே திருப்பிக் கேட்க வேண்டும்.

இனிச் சாட்சியின் யோக்கியதையை விசாரிப்போம்; சாட்சி நம் மூக்கு. மணத்தை உணரும் ஏற்பிகளின் மரபணுக் குடும்பத்தை 1991-இல் கண்டறிந்து, அதற்காக 2004-இல் நோபல் பரிசு பெற்றவர்கள் லிண்டா பக், ரிச்சர்ட் ஆக்ஸெல் என்ற இருவர். மனிதரிடம் ஏறக்குறைய நானூறு வகை ஏற்பிகள் வேலை செய்கின்றன. அவற்றின் நுண்ணிய அமைப்பு ஆளுக்கு ஆள் மாறுபடுவதால், ஒருவருக்குத் தெளிவாகத் தெரியும் கஸ்தூரி மற்றொருவருக்கு அறவே தெரியாதிருப்பது உண்டு. அத்தகையவருக்கு அடி மணம் முழுவதும் சூனியமே. எல்லோருக்கும் பொதுவான குறை ஒன்றும் இருக்கிறது. மாறாத மணத்தில் சில நிமிஷங்கள் இருந்தால், உணர்வணுக்களும் மூளையும் அதைப் பொருட்படுத்துவதை நிறுத்திவிடுகின்றன. இதை நுகர்ச்சித் தளர்வு என்போம். தம்மேல் பூசியதை நாள் முழுதும் முகர்ந்துகொண்டேயிருப்பவர் அது மறைந்துவிட்டது என்று சத்தியம் செய்வார். அப்போதுதான் அறைக்குள் நுழைந்தவர் அதை உடனே அறிவார். கடைகளில் இதற்குப் பரிகாரமாக நீட்டப்படும் காப்பிக் கொட்டைக்கு, வெறுங்காற்றைவிட விசேஷமான பலன் எதுவும் பரிசோதனையில் காணப்படவில்லை.

இத்தனை மயக்கங்களையும் விலக்கி ஒரு நகலை நியாயமாகச் சோதிக்க விலையுயர்ந்த கருவி வேண்டியதில்லை. மை உறிஞ்சும் காகிதத்தை ஒரே அளவுப் பட்டைகளாக நறுக்கி, இரண்டு திரவியங்களையும் ஒரே ஆழத்துக்கு நனைத்து, பெயரை மறைத்துக் குறியீடு இட்டு, வேறொருவர் கையில் ஒப்படைக்க வேண்டும். அவர் மூன்று பட்டைகளை நீட்டுவார். இரண்டு ஒரே திரவியம், ஒன்று மற்றது. வேறானது எது என்று முகர்வோர் சொல்ல வேண்டும். வேற்றுமை தெரியாமலே குத்துமதிப்பாகச் சொல்பவரும் மூன்றில் ஒருமுறை சரியாகச் சொல்லிவிடுவாராதலால், ஒருமுறை வென்றது பிரமாணமாகாது. தொடர்ந்து நான்கு முறையும் வெல்வது தற்செயலாக நேரக்கூடியது 81-இல் ஒருமுறைதான். அப்போது வேற்றுமை மெய் என்று கொள்ளலாம். தேநீரில் பாலை முதலில் ஊற்றினார்களா, பின்னர் ஊற்றினார்களா என்று சுவைத்தே சொல்வதாகக் கூறிய ஒரு சீமாட்டியைச் சோதிக்க எட்டுக் கோப்பைகள் போதும் என்று புள்ளியியல் அறிஞர் ரொனால்ட் ஃபிஷர் 1935-இல் எழுதிய நூலில் விளக்கியதும் இதே தர்க்கத்தைத்தான்.

இச்சோதனையை ஒரே வேளையில் செய்து முடித்துவிட்டால் உழைப்பெல்லாம் வீண். நனைத்த ஐந்தாம் நிமிஷத்திலும், அரைமணியிலும், இரண்டு மணியிலும், ஆறு மணியிலும், மறுநாள் காலையிலும், இடையிடையே மூக்கை ஓயவிட்டு, திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும். உடலின் சூடும் தோலின் எண்ணெய்ப் பசையும் ஆவியாகும் வேகத்தை மாற்றுமாதலால், காகிதத்தில் கண்ட நேரம் தோலில் அப்படியே பொருந்தாது. தோலிலும் துணியிலும் தனித்தனியே பார்க்க வேண்டும். நிற்கும் நேரத்தைப் பற்றிய தீர்ப்பைப் பூசியவரிடம் விடாமல், ஒவ்வொரு முறையும் வெளியிலிருந்து புதிதாக வருபவரிடம் கேட்பதே முறை.

இவ்வாறு செய்து பார்ப்போர், நன்கு செய்யப்பட்ட நகல் ஐந்தாம் நிமிஷத்திலும் ஆறாம் மணியிலும் மூலத்தோடு தோளோடு தோள் நிற்பதையும், இரண்டாம் மணியில் பின்தங்குவதையும் காண நேர்ந்தால் அதில் வியப்பதற்கில்லை. முதலும் முடிவும் மலிவான பொருள்களால் ஆனவை, நடுவே விலையுள்ளது. மோசமாகச் செய்யப்பட்டது ஆறாம் மணிக்கே வந்து சேராது. அதன் குறை பெரும்பாலும் சத்தைக் கஞ்சத்தனமாகக் கரைத்ததில் இருக்கும். ஒன்றுபோல் இருக்கிறதா என்ற வினாவுக்கு, எந்த மணியில் என்ற வினாவைச் சேர்க்காமல் விடையே கிடையாது. அலுவலகத்துக்குப் புறப்படும் அரைமணிப் பயணத்துக்கும், துணியில் தங்கும் இலேசான மணத்துக்கும் நகலே போதுமென்று ஒருவர் முடிவு செய்தால் அவர் ஏமாந்தவரல்லர். இரண்டாம் மணியின் ரோஜாவுக்காக அதிகப் பணம் கொடுப்பவரும், அது தம் மூக்குக்கு மெய்யாகவே புலப்படுகிறதென்று மூன்று பட்டைகளைக் கொண்டு உறுதி செய்துகொண்டிருந்தால், ஏமாந்தவரல்லர்.